பைத்தன் தெரிந்தவருக்கு அடுத்த படி: கல்முனை வகுப்பு எப்படி?

கல்முனையில் வார இறுதியில் நடக்கும் இந்த டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் விதம்), அல்கோரிதம் (ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழி) வகுப்பு லூப், பங்சன், லிஸ்ட் மூன்றும் கை பழகியவர்களுக்கானது. ஏ.எல். (இலங்கை உயர்தர) வகுப்பின் ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) பாடத்தில் பைத்தன் படித்தவர்களுக்கு ஆரம்பக் கிழமைகள் வெறும் மீட்டல்தான்.

லிங்க்ட் லிஸ்ட் பாடம் நன்று. அதில் ஒவ்வோர் உறுப்பும் (நோட்) அடுத்தது எங்கே என்று சுட்டும் ஓர் அம்பை வைத்திருக்கும். கீபோர்டைத் தொட முன்னர் கொப்பியில் பெட்டியும் அம்புமாக வரைய வைக்கிறார்கள். நடுவில் ஒரு நோட்டைச் செருகும்போது புதிய நோட்டின் அம்பை முதலில் அடுத்த பெட்டிக்குக் கொடுக்கவேண்டும். அதன் பிறகே முந்திய பெட்டியின் அம்பைத் திருப்பவேண்டும். ஒழுங்கு மாறினால் புதிய நோட் தன்னையே சுட்டும், அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் தொலையும், அச்சிடும் லூப் நிற்கவே நிற்காது. பைத்தன் ஒரு எரரும் காட்டாது. வரைந்து பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

கியூ (முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை) பாடம் சுமார். சாதாரண லிஸ்ட்டின் முதல் உறுப்பை எடுத்தால் மிச்சமெல்லாம் ஒவ்வோர் இடம் முன்னுக்கு நகரவேண்டும். அப்படி நகர்த்தாமல் இரு முனையிலும் எடுக்கவென்றே பைத்தனில் இருக்கும் டெக் (deque) பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை இல்லை.

பெரிய குறை குவிக் சோர்ட்டில். ஓர் உறுப்பை (பிவட்) எடுத்து, அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கமும் பெரியவற்றை மறு பக்கமும் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் அதேபோல வரிசைப்படுத்தும் முறை அது. எப்போதும் முதல் உறுப்பையே பிவட்டாக எடுக்கச் சொல்கிறார்கள். கலைந்த எண்களில் ஓடும். ஏற்கெனவே வரிசையாக உள்ள 2000 சுட்டெண்களைக் கொடுங்கள்: ரிகர்சன் எரர் வரும், ஏனென்றால் பங்சன் தன்னையே ஒன்றுக்குள் ஒன்றாக அழைப்பதற்கு (ரிகர்சன்) பைத்தனின் வழமையான எல்லை 1000, இங்கே அது கிட்டத்தட்ட 2000 ஆழம் போகும். அந்த எல்லையைக் கூட்டிவிடுவதுதான் அங்கே சொல்லப்படும் வைத்தியம். எரர் போகும், நோய் போகாது: ஒப்பீடுகள் ஏறத்தாழ 20 இலட்சம். பிவட்டை எழுமாறாக எடுத்தால் சராசரியாக 25,000 அளவில் முடியும்.

கிராப் பாடத்துக்காகவே காசு கட்டலாம். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆகிய ஐந்து ஊர்களும் நோட்கள் (புள்ளிகள்). கரையோர வீதியும் அம்பாறைக்குப் போகும் இரண்டு வீதிகளும் எட்ஜ்கள் (புள்ளிகளை இணைக்கும் கோடுகள்). காரைதீவிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பி.எஃப்.எஸ். (பக்கத்துப் புள்ளிகளில் தொடங்கி அடுக்கடுக்காகத் தேடும் முறை) ஓட்டினால் அது அம்பாறையைச் சுற்றிப் போகச் சொல்கிறது! அந்தப் பக்கம் எட்ஜ் இரண்டு, கரையோரம் மூன்று, பி.எஃப்.எஸ். எண்ணுவது எட்ஜை, கிலோமீட்டரை அல்ல. தூரத்தை ஒவ்வோர் எட்ஜின் வெயிட்டாகப் (மதிப்பாக) போட்டு, மொத்தத் தூரம் குறைந்த பாதையைத் தேடும் டைக்ஸ்ட்ரா முறையை ஓட்டியதும் பாதை கரைக்குத் திரும்புகிறது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட இந்த முறை எதற்குத் தேவை என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. போன இடங்களைக் குறித்துவைக்க மறந்தால் புரோகிராம் இதே வளையத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதையும் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

கீயிலிருந்து (தேடும் பெயர் அல்லது எண்) இடத்தைக் கணித்துத் தரவை அங்கே வைக்கும் ஹாஷ் டேபிளை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். இரண்டு கீ ஒரே இடத்தில் மோதினால் என்ன நடக்கும் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு கணினி. டைப் பண்ணுகிறவருக்குத்தான் கை பழகும், அதனால் லாப்டொப் இருந்தால் கொண்டுபோங்கள்.