கிளம்பும்போது உதறும் ஸ்கூட்டர்: பெல்ட்டை மாற்றும் முன் பெல்லைப் பாருங்கள்

என்னுடையது 110 சிசி கியர் இல்லாத ஸ்கூட்டர். முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினுக்கென்று இதுவரை பெரிதாகச் செலவு வைத்ததில்லை. தலைவலி கொடுத்தது டிரான்ஸ்மிஷன்தான். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலேட்டரைத் திருகினால், நகர ஆரம்பிக்கும் முதல் சில அடிகளுக்கு ‘டகடகடக’ என்று வண்டி முழுக்க உதறும். ஹேண்டில்பாரில் தெரியும், கால் வைக்கும் பலகையில் தெரியும், பின்னால் ஆள் இருந்தால் “என்ன ஆச்சு வண்டிக்கு?” என்று கேட்டும் விடுவார்கள். இருபதைத் தாண்டிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி வழவழவென்று போகும்.

சர்வீஸில் காட்டியபோது வந்த பதில், “பெல்ட், ரோலர், கிளட்ச் எல்லாம் மாத்திடலாம் சார்.” இந்த ‘எல்லாம் மாத்திடலாம்’ எனக்கு ஒத்துவராத விஷயம். எது கெட்டது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால் உதறல் போய்விடலாம். ஆனால் அடுத்த தடவை வந்தால் மறுபடியும் எல்லாவற்றையும்தான் மாற்ற வேண்டும்.

உதறல் எந்த வேகத்தில் வருகிறது என்பதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் பக்கம் வேரியேட்டர்; அதற்குள் ரோலர்கள். சுழற்சி ஏற ஏற ரோலர்கள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, புல்லியை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றும். அதுதான் நம் வண்டியின் ‘கியர் மாறுவது’. பின்னால் அதே பெல்ட்டில் ஓடும் இன்னொரு புல்லி, அதோடு சேர்ந்து கிளட்ச். ஷூ எனப்படும் மூன்று வளைந்த துண்டுகள் சின்ன ஸ்பிரிங்குகளால் உள்ளே இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். ஐடிலிங்கில் அவை எதையும் தொடாது. ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் விரிந்து போய், சுற்றியிருக்கும் இரும்புக் கிண்ணத்தைப் பிடிக்கும். அந்தக் கிண்ணத்தைத்தான் மெக்கானிக்குகள் பெல் என்கிறார்கள். பெல் சுற்றினால் பின்சக்கரம் சுற்றும்.

ஆக, நகரும் அந்த ஒரு நொடியில் மட்டும் உதறுகிறது என்றால் ஷூவும் பெல்லும் பிடிக்கிற இடத்தில்தான் கோளாறு. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருந்தால் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். நமக்கு உதறலாகத் தெரிவது அதுதான். ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் தொல்லை ஓட்டத்தின் நடுவில் வரும். வேகம் ஏறும்போது ஒரு இடத்தில் தயங்கும், பிக்கப் குறையும். பெல்ட் தேய்ந்திருந்தால் எஞ்சின் சத்தம் ஏறும் அளவுக்கு வண்டி இழுக்காது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் புஷ் போயிருந்தால் சிக்னலில் நிற்கும்போதே அதிரும். அதைப் பிரித்தறிய, சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின்சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தால் போதும். பிளக் கோளாறால் எஞ்சின் விட்டுவிட்டு அடித்தால் எல்லா வேகத்திலும் அடிக்கும்.

என் வண்டியில் புஷ் இறுக்கமாக இருந்தது, பிளக் நன்றாக இருந்தது. வண்டி சூடான பிறகு உதறல் கூடியது; ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் இன்னும் கூடியது. சந்தேகத்துக்கு இடமில்லை, கிளட்ச்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய், “கவரை மட்டும் கழட்டுங்கண்ணே, பார்த்துட்டு முடிவு பண்ணலாம்” என்றேன். இடப்பக்கக் கவரின் எட்டு எம்.எம். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இழுத்ததும் கறுப்புத் தூசி கொட்டியது. பெல்ட்டின் ரப்பரும் ஷூவின் லைனிங்கும் அரைந்து வந்த தூசி அது. ஏர் அடிக்கப் போனவரை நிறுத்தி, முதலில் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, வாயால் ஊதுவது அதைவிட மோசம்.

பெல்லைக் கழற்றியதும் விடை கையில் வந்துவிட்டது. உள்பக்கம் முழுக்க நீலம் பாரித்த திட்டுகள், அதிகச் சூட்டின் அடையாளம். விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அளவுக்குக் கோடுகள். மூன்று ஷூக்களில் இரண்டு முழு நீளத்துக்கும் பளபளவென்று இருந்தன; மூன்றாவதில் ஒரு ஓரம்தான் தேய்ந்திருந்தது, மீதி மங்கலாக அப்படியே கிடந்தது. அதாவது அந்த ஷூ சரியாக விரியவே இல்லை. அந்த ஷூ திரும்பும் அச்சான ‘பின்’னில் (pin) தூசியும் துருவும் சேர்ந்து இறுகியிருந்தது. லைனிங் கனம் இன்னும் மிச்சம் இருந்தது. பல ஸ்கூட்டர்களில் புது லைனிங் 4 மி.மீ. இருக்கும், 2 மி.மீ. வரை போகலாம். கனத்தை மட்டும் பார்த்து ‘ஷூ நல்லா இருக்கு’ என்று சொல்பவர்கள் உண்டு. பளபளப்பைப் பார்க்காமல் கனத்தைப் பார்த்துப் பயனில்லை.

அன்றைக்குச் செய்தது சிக்கன வைத்தியம். முரட்டு எமரி ஷீட்டால் லைனிங்கின் பளபளப்பு போகும் வரை தேய்த்து, ஒவ்வொரு ஷூவின் முன்முனையையும் அண்ணன் லேசாகச் சரிவாகத் தேய்த்துவிட்டார். பெல்லின் உள்பக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தோம். இறுகிய பின்னைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை ஊசிமுனை அளவுக்குத் தொட்டு வைத்தார். அந்த கிரீஸ் கொஞ்சம் கூடிப் போய் லைனிங்கில் பட்டால் உதறலை நாமே விலைக்கு வாங்கின மாதிரி. இதில் இன்னொன்று: ஷூவைத் தனியாகக் கழற்ற வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் திறக்க வேண்டும். அதன் பின்னால் பெரிய ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், நட்டு முகத்துக்கு வரும்.

தேய்த்த அன்று வண்டி புதுசு மாதிரி கிளம்பியது. சில மாதம் நிம்மதி. அப்புறம் மெதுவாகத் திரும்பி வந்தது. நான் தினமும் போவது சென்னை ஆற்காடு சாலை வழியாக. அப்போது மெட்ரோ வேலை நடந்த இடங்களில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போக வேண்டியிருந்தது. கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் பாதி வழுக்கலிலேயே ஓடினால் பெல் சூடாகாமல் என்ன செய்யும்? நீலம் பாரித்த பெல்லைத் தேய்த்து ஓட்டுவது நாள் கடத்துவதுதான் என்று அண்ணன் அப்போதே சொல்லியிருந்தார்.

இரண்டாவது தடவை ஷூ செட்டையும் பெல்லையும் சேர்த்தே மாற்றினேன். இந்த இடத்தில்தான் பலர் காசை விடுகிறார்கள். ஷூ மட்டும் புதுசு போட்டு, கோடு விழுந்த பழைய பெல்லிலேயே ஓட்டுவார்கள். புது லைனிங் அந்தக் கோடுகளின் மேட்டில் மட்டும்தான் உட்காரும், சீக்கிரமே மறுபடி பளபளத்துவிடும். பெல்லை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம் என்றும் சொல்வார்கள். பல வண்டிகளில் பெல்லின் உள்விட்டம் 125 மி.மீ.; அரை மில்லிமீட்டர் கூடினாலே அதன் ஆயுள் முடிந்தது என்று கணக்கு. ஏற்கெனவே தேய்ந்ததில் இன்னும் கடைவதற்கு என்ன இருக்கிறது? வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் விலை குறைந்த பெல்லும் கிடைத்தது. கையில் எடுத்துப் பார்த்தாலே எடை குறைவு தெரிந்தது. எடை குறைந்தால் சூட்டைத் தாங்காது, வேண்டாமென்று கம்பெனி ஒரிஜினலையே வாங்கினேன்.

ரோலர்களை உருட்டிப் பார்த்தோம், தட்டை விழவில்லை. அவை பழையபடியே உள்ளே போயின. பின்பக்கப் புல்லியில் சின்ன ‘பின்’கள் (pin) நகரும் பள்ளங்களில் கிரீஸ் காய்ந்திருந்தது, அதை மட்டும் புதுப்பித்தார்.

புது ஷூ படியும் வரை கொஞ்சம் வாடை வந்தது, லேசான உதறலும் இருந்தது. சில நூறு கிலோமீட்டரில் இரண்டும் போய்விட்டன. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க நனைந்து நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மூன்று கிளம்பலில் இன்னும் லேசாக உதறுகிறது. பெல்லில் பூத்த மெல்லிய துரு அது. தெருமுனை தாண்டுவதற்குள் சரியாகிவிடும் என்பதால் அதை நான் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஓட்டும் முறையில் மாற்றியது இரண்டு விஷயம். நெரிசலில் முன் வண்டியோடு ஒட்டி அங்குலம் அங்குலமாக நகராமல், கொஞ்சம் இடம் விட்டுக் காத்திருந்து, அப்புறம் தயங்காமல் ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளம்புகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். மேம்பாலச் சரிவில் நிற்க நேர்ந்தால் ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்குவதில்லை, பிரேக்தான். இரண்டு சர்வீஸுக்கு ஒரு தடவை கவரைத் திறந்து தூசி துடைக்கச் சொல்கிறேன். அதற்கு அண்ணன் வாங்குவது டீ காசை விடக் கொஞ்சம் அதிகம்.

மைலேஜில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிளம்பும் இழுவை நிச்சயம் கூடியிருக்கிறது. பெல்ட்டின் உள்பற்களில் மயிரிழை வெடிப்புகள் தெரிய ஆரம்பித்திருப்பதால் வரும் சர்வீஸில் அதை மாற்றப் போகிறேன், கூடவே ரோலரையும்.