ஓடையை மீட்டாச்சு, சாவி யார் கையில்?

வேலூர் சத்துவாச்சாரி மலையடிவாரத்திலிருந்து பாலாற்றுக்கு இறங்கும் ஓடைகளில் ஒன்று எங்கள் தெருவுக்குப் பின்னால் போகிறது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, கரை கட்டி, புங்கன் நட்டு இரண்டு வருடம் ஆகிறது. இனி யார் பார்த்துக்கொள்வது என்பதில் தெருவில் நான்கு கட்சி.

முதல் கட்சி, மாநகராட்சியே பார்க்கட்டும் என்பது. 60 வார்டு, 4 மண்டலம், ஆள், வண்டி எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. குப்பை அள்ள வேறு நாதி இல்லை. தூர் வாருவதுதான் சிக்கல், அது டெண்டர் வேலை. தோண்டிய மண்ணுக்குத்தான் பில், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போன வருடம் வந்த ஒப்பந்தக்காரர் இரண்டு நாள் ஜேசிபி ஓட்டி, மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார். ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை. விடிந்து பார்த்தால் குவியலில் பாதி ஓடைக்குள். "அடுத்த டெண்டருக்கு மண் ரெடி" என்றார் எதிர்வீட்டு மாமா.

நீர்வளத்துறை? வெள்ளக் கணக்கும் கரையின் பலமும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஓடையில் யாரோ போட்ட மெத்தையை எடுக்கப் பொறியாளர் வரமாட்டார்.

மூன்றாவது, கம்பெனிப் பணம். 2013 நிறுவனங்கள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பூங்கா, பெயர்ப்பலகை, திறப்பு விழா என்றால் வருவார்கள். நாலாவது வருடம் சகதி அள்ளக் காசு கேட்டால் திட்டம் மாறியிருக்கும். எனக்கு இதைவிடப் பழைய வழி ஒன்று தோன்றுகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. நன்கொடை வேறு, கடன் வேறு. ஓடையில் கழிவுநீர்க் குழாயைத் திறந்துவிடுகிற மண்டபமும் ஓட்டலும் குழாயையும் அடைக்கட்டும், பராமரிப்புக்கும் கட்டட்டும்.

நாலாவது கட்சிதான் சத்தம் அதிகம் போடுவது: குடிமராமத்து, அதாவது ஏரி, வாய்க்காலை ஊராரே பழுதுபார்ப்பது. தாத்தா காலத்தில் ஊரே ஏரி வெட்டியதே, நாம் செய்ய முடியாதா? கேட்க நன்றாக இருக்கிறது. வாய்க்கால் தூர்ந்தால் தன் பயிர் காயும் என்பதால்தான் அன்று ஆயக்கட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்தார். 2017-இல் அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் பாசனக்காரர்களைத்தான் கூப்பிட்டது. பக்கத்து நாகநதியை மீட்க, மழைநீரை நிலத்துக்குள் விடும் உறைகிணறுகளைப் பெண்கள் இறக்கினார்கள். அங்கே நூறு நாள் வேலைக் கூலி இருந்தது, ஊர்க் கிணற்றில் தண்ணீரும் ஏறும். எங்கள் தெருவில் யாருக்கு வயல்? மேல்தெருக்காரர் போட்ட பை கீழ்தெருவில் போய் அடைக்கிறது. அவர் வீட்டு வாசல் நனைவதே இல்லை. அதோடு, சாக்கடை கலந்த தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை இறக்கி 'சேவை' என்று போட்டோ எடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

கூட்டத்தில் தெருவுக்கு நூறு மீட்டர் என்று நீளத்தைப் பங்கு போடலாம் என்றார்கள். தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது. வேலையைத்தான் பங்கு போட வேண்டும். தூரும் கரையும் நீர்வளத்துறைக்கு, ஆவணி முடிவதற்குள். குப்பை மாநகராட்சிக்கு, வாரம் இரண்டு முறை. செடியும் கண்காணிப்பும் நமக்கு. எந்தக் குழாயிலிருந்து கழிவு வருகிறது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு அதிகாரம் மட்டும் கேட்பேன்: தூர் வாரிய மண் கரையை விட்டுப் போய்விட்டது என்று தெருக்காரர் இருவர் கையெழுத்துப் போட்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாக வேண்டும்.

சிறுபாலத்துக்கு முன்னால் ஒரு கம்பி வலை இருக்கிறது. ஒரு மழைக்கு அதில் தெர்மாகோல், பிரியாணி டப்பா, வாடாத கல்யாண மாலை, ஒற்றைச் செருப்பு எல்லாம் சிக்கிக்கொள்ளும். வலைக் கதவின் சாவி டீக்கடை அண்ணனிடம். சம்பளம் ஒன்றும் கிடையாது. தூறல் விழுந்ததும் கொக்கியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுவது அவர்தான், அவர் கடைதான் தாழ்வில் இருக்கிறது.