வைட்டமின் டி3 + கே2 கேப்சூல், மூணு மாசம் போட்டு பாத்த பிறகு எழுதுறேன் (வீட்டுல இதய வால்வு ஆபரேஷன் பண்ணவங்க இருந்தா கண்டிப்பா படிங்க)

முதல்ல என்ன வாங்குனேன்னு சொல்லிடுறேன். டி3 2000 யூனிட், கூட கே2 (அதுல எம்கே-7ங்கிற வகை) 100 மைக்ரோகிராம், ஒரு டப்பாவுல 60 கேப்சூல், ஆன்லைன்ல ஆஃபர்ல 649 ரூபாய்க்கு வந்துச்சு. பிராண்ட் பேரு போடல, ஏன்னா இதே காம்பினேஷனை இப்ப நெறைய கம்பெனிக்காரங்க விக்கிறாங்க, நான் சொல்லப்போறது எல்லா டப்பாவுக்கும் பொருந்துற விஷயம்.

எனக்கு 41 வயசு. போன வருஷம் முட்டி வலி, மாடிப்படி ஏறவே கஷ்டமா இருந்துச்சு, டாக்டர் ரத்தம் எடுத்து பாத்ததுல வைட்டமின் டி 14 தான் இருக்குன்னு வந்துச்சு. எட்டு வாரத்துக்கு வாரம் ஒன்னுன்னு 60,000 யூனிட் பாக்கெட் குடுத்தாரு, அது முடிஞ்சதும் தினம் சின்ன டோஸ் போட்டுக்கோங்கன்னாரு. அவரு சொன்னது டி மட்டும்தான். கே2 சேத்து வாங்குனது நானா எடுத்த முடிவு, "டி மட்டும் போட்டா கால்சியம் ரத்தக்குழாய்ல போய் படியும், கே2 இருந்தாதான் எலும்புக்கு போகும்"னு ஒரு வீடியோல பாத்தேன், ஃபேமிலி குரூப்ல அத்தையும் அதையே ஃபார்வர்ட் பண்ணிருந்தாங்க, சரின்னு வாங்கிட்டேன்.

மாத்திரையா பாத்தா குறை சொல்ல ஒன்னும் இல்ல. சின்ன கேப்சூல், ஈஸியா முழுங்கலாம், வாசனை கெடையாது, எனக்கு நெஞ்செரிச்சல் வயித்துப்போக்கு எதுவும் வரல. டி, கே ரெண்டுமே கொழுப்புல கரையுற சத்து, அதனால வெறும் வயித்துல போடாம மத்தியானம் சாப்பாட்டோட போட்டேன். டப்பாவுல பச்சை புள்ளி இருக்கு. ஆனா எம்கே-7ல ஆல்-டிரான்ஸ்னு சொல்ற வடிவம்தான் உடம்புல ஒழுங்கா வேலை செய்யும், இதுல அது எவ்வளவுன்னு லேபிள்ல எங்கயும் போடல, இந்த விலைக்கு அதையாவது போட்டிருக்கணும். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணேன், டி 34 வந்துச்சு, அது வரைக்கும் திருப்தி. கே2 என்ன பண்ணுச்சுன்னு கேட்டா எனக்கு தெரியுற மாதிரி ஒன்னும் இல்ல, அது உடம்புக்குள்ள நடக்குற வேலை, ஆளுக்கு தெரியாது.

இப்ப அம்மா விஷயத்துக்கு வரேன், இத எழுதறதே அதுக்காகத்தான்.

எங்க அம்மாவுக்கு சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 2009ல உலோக வால்வு மாத்துனாங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட்ல நம்ம ஆளுங்களே உருவாக்கி 1990ல முதல் தடவையா ஒரு மனுஷனுக்கு வெச்ச அந்த சித்ரா வால்வுதான் அம்மாவுக்கும். அதுல இருந்து தினம் சாயங்காலம் அசினோகூமரால் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க. மாசம் ஒரு தடவை ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்குறது, நம்பர் குறைஞ்சா சீக்கிரம் உறையுதுன்னு அர்த்தம்), அது 2.5ல இருந்து 3.5க்குள்ள நிக்கணும்னு அவங்க நோட்டுலயே டாக்டர் எழுதி குடுத்திருக்காரு. அம்மா அந்த நோட்டை பாங்க் பாஸ்புக் மாதிரி பத்திரமா வெச்சிருப்பாங்க.

பொங்கலுக்கு ஊருக்கு, திருநெல்வேலிக்கு போனப்ப அம்மா இடுப்பு வலின்னு சொன்னாங்க. நான் என் டப்பாவையே குடுத்து "தினம் ஒன்னு போடுங்கம்மா, எலும்புக்கு நல்லது"ன்னு சொல்லிட்டு வந்தேன். "ஏட்டி, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா"ன்னு அம்மா கேட்டாங்க. நான் டப்பாவை திருப்பி பாத்தேன், கர்ப்பிணிகள் டாக்டரை கேக்கணும், குழந்தைகளுக்கு எட்டாம வைக்கணும், அவ்வளவுதான் இருந்துச்சு. "இது மருந்தில்லம்மா, சத்து மாத்திரை"ன்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை நெனச்சா இப்பவும் மனசு பதறுது.

மூணு வாரம் கழிச்சு மாசாந்திர டெஸ்ட், ஐஎன்ஆர் 1.6. வழக்கமா 2.8, 3ன்னு நிக்கிறது. டாக்டர் ஒவ்வொன்னா கேட்டிருக்காரு, மாத்திரை விட்டுப்போச்சா, கீரை ஜாஸ்தி சாப்பிட்டீங்களா, வேற எங்கயாவது மருந்து வாங்குனீங்களான்னு, அம்மா எல்லாத்துக்கும் இல்லன்னுதான் சொல்லிருக்காங்க, கடைசியா "புள்ள சத்து மாத்திரை தந்தா, அத தான் போடுதேன்"னு சொன்னதும் டப்பாவை எடுத்துட்டு வரச் சொல்லி பாத்திருக்காரு. அன்னைக்கே நிறுத்தச் சொல்லி, ஐஎன்ஆர் ஏறுற வரைக்கும் தொப்புளை சுத்தி போடுற ஊசி தினம் ரெண்டு வேளை போட்டாங்க. ரத்தக்கட்டு வந்து வால்வு ஒட்டிக்கலாம், மூளைக்கு போச்சுன்னா பக்கவாதம், அந்த அளவுக்கு போகல, கடவுள் புண்ணியம். திரும்ப 2.7 வர பன்னெண்டு நாள் ஆச்சு.

ஏன் இப்படி ஆகுதுன்னு டாக்டர் போன்ல பொறுமையா சொன்னாரு, அதுக்கப்புறம் நானும் தேடி படிச்சேன். கே-ங்கிற எழுத்தே ரத்தம் உறையுறதுக்கு உள்ள கோயாகுலேஷன்-ங்கிற வார்த்தையில இருந்து வந்தது, டேனிஷ், ஜெர்மன் மொழியில அது கே-ல ஆரம்பிக்கும். ஹென்ரிக் டாம்னு டென்மார்க் விஞ்ஞானி, கொழுப்பு இல்லாத தீவனம் போட்ட கோழிக்குஞ்சுக்கு ரத்தம் கசியுறத பாத்து கண்டுபிடிச்சாரு, 1943க்கான நோபல் பரிசு அவருக்கும் எட்வர்ட் டாய்சிக்கும் சேத்து குடுத்தாங்க. ரத்தம் உறைய வைக்கிற சில புரதங்களை ஈரல் செய்யுது, அதுங்க வேலை செய்யணும்னா வைட்டமின் கே வேணும். வார்ஃபரின், அசினோகூமரால் ரெண்டும் அந்த வைட்டமின் கே-வை உடம்பு திரும்ப திரும்ப உபயோகிக்க விடாம தடுக்குற மருந்து. டாக்டர் ஒரு பக்கம் கணக்கு பண்ணி தடுத்து வெச்சிருக்காரு, நான் இன்னொரு பக்கம் தினம் 100 மைக்ரோகிராம் ஊத்திட்டு இருந்திருக்கேன்.

இதுல எம்கே-7 இன்னும் விசேஷம். கீரையில இருக்குற கே1 ரத்தத்துல சில மணி நேரத்துல பெரும்பாலும் போயிடும், எம்கே-7 பாதியா குறையவே கிட்டத்தட்ட மூணு நாள் ஆகும், அதனால தினம் போட்டா சேந்துக்கிட்டே போகும். தினம் 10 மைக்ரோகிராம் குடுத்ததுக்கே சிலருக்கு ஐஎன்ஆர் அசைஞ்சதா ஆராய்ச்சி இருக்கு. அந்த கேப்சூல்ல இருந்தது 100.

ஆனா இத படிச்சுட்டு வைட்டமின் கே-வே விஷம்னு யாரும் நெனச்சுடாதீங்க. என் தங்கச்சி பிள்ளை பொறந்த உடனே தொடையில போட்டாங்களே ஒரு ஊசி, அது இதே வைட்டமின் கே 1 மில்லிகிராம்தான். தொப்புள்கொடி வழியாவும் குறைவாதான் போகும், தாய்ப்பால்லயும் கம்மி, அதனால மூளையில ரத்தக்கசிவு வராம காப்பாத்துற ஊசி அது, யாராவது வேணாம்னு சொன்னா கேக்காதீங்க. ஐஎன்ஆர் ரொம்ப ஏறி ரத்தம் கசிஞ்சா அம்மா மாதிரி ஆளுங்களுக்கே இதத்தான் மாத்து மருந்தா குடுப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடாத சாதாரண ஆளுக்கு கே1, கே2 பெருசா பக்கவிளைவு குடுக்குறதில்ல, இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு அமெரிக்காக்காரங்க உச்ச அளவே வைக்கல. கே3ன்னு ஒன்னு இருக்கு, மெனடயோன், அது ரத்த சிவப்பணுவை உடைக்கும், குழந்தைகளுக்கு மஞ்சக்காமாலை கொண்டு வரும், அத மனுஷங்களுக்கு சத்து மாத்திரையா குடுக்கக்கூடாது, லேபிள்ல அந்த பேரு இருந்தா வாங்காதீங்க.

சரி, இத வாங்கணுமா? என் அபிப்ராயம், கே-க்காக மட்டும்னா நம்ம வீட்டு சாப்பாட்டுக்கு வேண்டியதில்ல. ஒரு நாளைக்கு பொம்பளைக்கு 90, ஆம்பளைக்கு 120 மைக்ரோகிராம் போதும்னு அமெரிக்காவுல சொல்றாங்க. 100 கிராம் பச்சை பாலக்குல 480 கிட்ட இருக்கு, தண்டுக்கீரை இலையில ஆயிரத்துக்கு மேல, கொத்தமல்லியில 300 சொச்சம், முட்டைக்கோஸ்ல 76. வேக வெச்சாலும் பெருசா போயிடாது, ஆனா கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேந்தாதான் உடம்புல ஒட்டும், அம்மா கீரை கடைசலுக்கு மேல தாளிச்சு கொட்டுறது ருசிக்கு மட்டும்னு நெனச்சிருந்தேன். எண்ணெயில சோயா எண்ணெய்லதான் கே ஜாஸ்தி, நம்ம கடலை எண்ணெய், தேங்காயெண்ணெய்ல இல்லைன்னே சொல்லலாம். கே2 முட்டை மஞ்சக்கரு, கோழிக்கறியில கொஞ்சம் இருக்கு, ஜப்பான்காரங்க சாப்பிடுற நாட்டோங்கிற புளிச்ச சோயாவுல 100 கிராமுக்கு 1000 மைக்ரோகிராம் கிட்ட. கேப்சூல்ல வர எம்கே-7ஐயும் பெரும்பாலும் அதே பாக்டீரியாவ வெச்சுதான் எடுக்குறாங்க.

அந்த "ரத்தக்குழாய்ல கால்சியம் படியாது"ங்கிற வாக்கு, அதுக்கும் ஒரு அடிப்படை இருக்கு, எலும்புல ஆஸ்டியோகால்சின், ரத்தக்குழாய்ல எம்ஜிபி-ன்னு ரெண்டு புரதம் வேலை செய்ய வைட்டமின் கே வேணும். ஜப்பான்ல எலும்பு தேய்மானத்துக்கு கே2-ல இன்னொரு வகையான எம்கே-4ஐ தினம் 45 மில்லிகிராம், ஆமா மில்லிகிராம், மருந்தாவே குடுக்குறாங்க. ஆனா டென்மார்க்ல 365 ஆம்பளைங்களை வெச்சு தினம் 720 மைக்ரோகிராம் எம்கே-7, கூட டியும் சேத்து ரெண்டு வருஷம் பாத்தாங்க, இதய வால்வுல கால்சியம் படியுற வேகம் குறையலன்னு 2022ல முடிவு வந்துச்சு. அந்த வீடியோல சொன்ன அளவுக்கு உறுதி யாருகிட்டயும் இல்ல. நான் இப்ப டி மட்டும் இருக்குறதுக்கு மாறிட்டேன், மாசத்துக்கு நூறு ரூபா கூட ஆகல.

அம்மாவை மாதிரி மாத்திரை போடுறவங்க கீரையே தொடக்கூடாதுன்னு ஊருல சொல்றாங்க, அம்மாவும் பல வருஷம் அப்படித்தான் பயந்து கீரையை ஒதுக்கியே வெச்சாங்க. அது தப்புன்னு இந்த டாக்டர்தான் சொன்னாரு. சாப்பிடலாம், ஆனா வாராவாரம் ஒரே அளவா இருக்கணும், ஒரு வாரம் தினம் கீரை அடுத்த வாரம் ஒன்னுமே இல்லன்னு இருந்தாதான் ஐஎன்ஆர் ஆடும். இப்ப அம்மா செவ்வாயும் வெள்ளியும் ஒரு கரண்டி கீரை, டாக்டர் அதுக்கேத்த மாதிரி மாத்திரை அளவு வெச்சிருக்காரு. அபிக்ஸபான், ரிவரோக்சபான் மாதிரி புது மருந்து போடுறவங்களுக்கு இந்த கீரை பிரச்சனை இல்ல, அது வேற வழியில வேலை செய்யுது, ஆனா உலோக வால்வுக்கு அந்த மருந்து குடுக்க மாட்டாங்க. நாள்கணக்கா ஆன்டிபயாட்டிக் போட்டாலும் ஐஎன்ஆர் மாறும், அதையும் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

கம்பெனிக்கு நடந்தத எல்லாம் எழுதி, டெஸ்ட் ரிப்போர்ட்டும் வெச்சு மெயில் போட்டேன். ஒன்பது நாள் கழிச்சு "எங்கள் தயாரிப்பு பாதுகாப்பானது, மருத்துவரை அணுகவும்"னு ரெண்டு வரி பதில். காசு திருப்பி வேணும்னு நான் கேக்கவே இல்ல. வெளிநாட்டு பாட்டில் பலதுல "ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரை கேட்காமல் எடுக்க வேண்டாம்"னு ஒரு வரி இருக்கு, அந்த ஒரு வரியை தமிழ்லயும் போடுங்கன்னுதான் கேட்டேன், எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க தெரியாது. அதுக்கு பதிலே இல்ல.

அந்த ஆன்லைன் பேஜ்ல இதுக்கு ஆயிரக்கணக்குல அஞ்சு ஸ்டார். "அப்பாவுக்கு வாங்கி குடுத்தேன்", "மாமியாருக்கு வாங்குனேன்"னு எவ்வளவு பேரு எழுதிருக்காங்க. வாங்கி குடுக்குறதுக்கு முன்னாடி அவங்க மாத்திரை டப்பாவை ஒரு தடவை தொறந்து பாருங்க, வார்ஃபரின், அசினோகூமரால் ரெண்டுல எது இருந்தாலும் குடுக்காதீங்க. ஏற்கனவே குடுத்துட்டு இருந்தா நீங்களா திடீர்னு நிறுத்தவும் வேணாம், அப்ப ஐஎன்ஆர் எகிறலாம், உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

மாத்திரைக்கு 3 ஸ்டார். லேபிளுக்கு ஒன்னு, அதுவும் ஒன்னுக்கு கீழ போட முடியாததால.