டன்ஹாம் நடனம் சொல்லித்தரும் இணைய வகுப்பு: ஆட்டம் அருமை, மேளம்தான் இல்லை

நடனத்தையும் மானுடவியலையும் சேர்த்துக் கற்றுத்தருகிறோம் என்று சொல்லும் வகுப்புகளில் பெரும்பாலும் ஒருநாள் ஆட்டம், ஒருநாள் ஸ்லைடு, இரண்டுக்கும் கடைசிவரை பேச்சுவார்த்தையே இருக்காது. நான் படித்த வகுப்பு அந்த ரகம் இல்லை. குறைகளும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

பாடம் முழுக்க காத்தரின் டன்ஹாமைச் சுற்றித்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர், அப்போதே நடனக்காரர். மானுடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸிடம் கள ஆய்வுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு, ரோசன்வால்ட் உதவித்தொகையில் 1935-ல் கரீபியனுக்குப் போனார்: ஜமைக்கா, மார்டினிக், டிரினிடாட், ஹைதி. ஓரமாக நின்று குறிப்பெடுத்துவிட்டுத் திரும்பவில்லை, கூடவே ஆடினார், ஹைதியில் அங்குள்ள வூடூ சமயத்தில் தீட்சையும் பெற்றார்.

வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது யான்வலூ என்ற ஹைதிச் சடங்கு ஆட்டத்தைச் சொல்லித்தந்த விதம். முழங்காலை மடக்கி உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இடுப்பில் கிளம்பும் அலை முதுகெலும்பு வழியாக ஒவ்வொரு கணுவாக ஏறித் தோளுக்கும் கழுத்துக்கும் போக வேண்டும். ஆசிரியை எந்த விளக்கமும் தராமல் முதலில் ஆடவிட்டார், அப்புறம் பார்த்ததையும் உடம்பில் பட்டதையும் எழுதச் சொன்னார். பலர் 'நல்ல முதுகுப் பயிற்சி' என்று எழுதியிருந்தார்கள். பிறகுதான் இது டம்பாலா என்ற பாம்புத் தெய்வத்துக்கான ஆட்டம், கும்பிடுகிற உடம்பு என்று சொல்லி மறுபடி ஆடவைத்து, மறுபடி எழுதவைத்தார். அதே அசைவுதான், ஆனால் இரண்டாவது குறிப்பில் 'பயிற்சி' என்ற சொல்லை யாருமே எழுதவில்லை. டன்ஹாம் செய்த வேலை என்ன என்பது அந்த ஒரு வகுப்பிலேயே புரிந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்த கோட்பாட்டு உரைகள் கொஞ்சம் உபரிதான்.

இப்போது குறை. மேளம் எல்லாமே பதிவுசெய்த ஒலி. ஹைதியில் வூடூவின் ஒரு பிரிவான ராடா சடங்குகளில் மாமான், செகோன், பூலா என்று மூன்று மேளங்கள், மாமான் வாசிப்பவர் ஆடுபவரைப் பார்த்துக்கொண்டே இருந்து, தாளத்தை உடைத்து 'காசே' வாசிப்பார், உடனே ஆட்டமும் மாறும். பதிவில் அந்த உடைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருகிறது, எல்லாரும் அதற்காகக் காத்திருந்து டாண் என்று மாறுகிறோம். மேளக்காரருக்கும் ஆடுபவருக்கும் நடுவில் நடப்பதுதானே மானுடவியல், அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஸ்டெப் மட்டும்தான். கேட்டதற்கு, இணையத்தில் ஒலி தாமதமாக வரும் என்றார்கள். சரி, நியாயம்தான். ஆனால் ஆசிரியை இருக்கும் அறையிலேயே ஒரு மேளக்காரரை உட்காரவைத்து அவர்கள் இருவரும் ஆடி வாசிப்பதையாவது காட்டியிருக்கலாமே?

மார்டினிக்கின் அக்யா சண்டை நடனத்தை டன்ஹாம் 1938-ல் சிகாகோ மேடைக்குக் கொண்டுவந்தது பற்றி ஒரே ஒரு உரை, அதுவும் அவசர அவசரமாக. சடங்கும் சண்டையும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் போகும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வி அங்கேதான் இருக்கிறது, அதற்கு ஒரு வாரமே ஒதுக்கியிருக்கலாம். பேர்ல் பிரைமஸ் (டிரினிடாடில் பிறந்த நடனக்காரர், 1978-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்) பெயரளவில் வந்துபோனார்.

வாசிக்கத் தந்த பிடிஎஃப்கள் கோணலாக ஸ்கேன் செய்தவை, பக்க ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் டன்ஹாம் களத்தில் எடுத்த படத்துண்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன, சேருவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள், பாதி உரைகளை ஓட்டிவிடலாம்.

நடனமே தெரியாதவர்களும் தாராளமாகச் சேரலாம். முழங்கால் வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து செய்யும்படி மாற்றித்தருகிறார்கள்.