கோர்ட்லிஸ்னர்: துப்பாக்கித் தடை வழக்குகளைத் தீர்ப்பிலேயே படிக்க

அமெரிக்காவில் ஏஆர்-15 வகை (ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு குண்டு சுடும் அரைத் தானியங்கி) துப்பாக்கிகளுக்கு மாநிலங்கள் போட்ட தடை செல்லுமா செல்லாதா என்ற வழக்குகளைச் செய்தித் தலைப்புகளை வைத்தே பின்தொடர்கிறீர்களா? தயவுசெய்து தீர்ப்புகளையும் மனுக்களையும் சேர்த்து வைத்திருக்கும் கோர்ட்லிஸ்னர் தளத்துக்குப் போங்கள். ஃப்ரீ லா புராஜெக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது, படிக்கக் காசு கிடையாது. கூட்டாட்சி நீதிமன்ற ஆவணங்களுக்கான அரசின் பேசர் தளத்தில் மனுக்களுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட் கேட்பார்கள். உலாவியில் (பிரவுசரில்) ரீகேப் என்ற எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கும் யாராவது அங்கே பணம் கட்டி ஒன்றை இறக்கினால் அதன் பிரதி இங்கே வந்துவிடும், அப்புறம் எல்லோருக்கும் இலவசம்.

மேரிலாண்டு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, 2013இல் அந்த மாநிலம் கொண்டுவந்த தடைச் சட்டம். அது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் நான்காவது சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 10க்கு 5 என்ற கணக்கில் சொன்னது. தடைக்கு வரலாற்றில் முன்னுதாரணம் காட்டு என்கிறது துப்பாக்கி உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2022 ப்ரூயன் தீர்ப்பு. அதற்காகப் பெரும்பான்மைத் தீர்ப்பெழுதிய நீதிபதி வில்கின்சன் 19ஆம் நூற்றாண்டில் போவி என்ற பெரிய சண்டைக் கத்திகளுக்கு எதிராக வந்த சட்டங்கள் வரை போகிறார். லட்சக்கணக்கானோர் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை எப்படித் தடை செய்யலாம் என்று மடக்குகிறார் மாறுபட்ட தீர்ப்பெழுதிய ரிச்சர்ட்சன். எனக்கு வில்கின்சன் பக்கம்தான் சரியாகப் படுகிறது, ஆனால் ரிச்சர்ட்சனை முழுசாகப் படிக்காமல் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது.

2025 ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்தது. உடனே தடையை உறுதி செய்துவிட்டார்கள் என்று பேசினால் அது தப்பு. விசாரிக்க மறுப்பது தீர்ப்பாகாது. எடுத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தாமஸ், அலிட்டோ, கோர்சச் மூவரும் பதிவு செய்தார்கள். எதிர்ப்பைப் பதிவு செய்யாத நீதிபதி கவனாகூட, கீழ் நீதிமன்றத் தீர்ப்பு கேள்விக்குரியது, ஏஆர்-15 பிரச்சினையை நாங்கள் சீக்கிரமே எடுக்க வேண்டும் என்று தனியாக எழுதினார். சில பக்கங்கள்தான், படித்தால் நிலவரம் தெளிவாகிவிடும்.

தேடும்போது பெயர் குழப்பும். ஒரே வழக்கு பியாங்கி எதிர் ஃப்ரோஷ், பியாங்கி எதிர் பிரவுன், ஸ்னோப் எதிர் பிரவுன் என்று மாறி மாறி வரும், அதனால் நான்காவது சர்க்யூட்டின் 21-1255 என்ற எண்ணைப் போட்டுத் தேடுங்கள். மாநில நீதிமன்ற மனுக்கள் பேசரில் இல்லை என்பதால், இல்லினாய் உச்ச நீதிமன்றம் தன் மாநிலத் தடை பற்றி 2023இல் 4க்கு 3 என்று தீர்த்ததைப் போன்ற வழக்குகளில் தீர்ப்பைத் தாண்டி மனுக்களும் வேண்டுமென்றால் அந்தந்த நீதிமன்றத்தின் தளத்தில்தான் தேட வேண்டும்.