பாதியில் நின்ற ஹைலக்ஸ் எல்.என்.106: எதைப் பார்த்து வாங்குவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் நான்கு சக்கர இழுவை உள்ள பழைய டொயோட்டா ஹைலக்ஸ் தேடினால், ஓடுகிற வண்டியோடு கட்டைமேல் ஏற்றி வைத்த வண்டியும் விலைக்கு வரும். காட்டுப் பாதைக்கென்று பிரித்து, பாதியில் கைவிட்ட வண்டி. "எல்லாச் சாமானும் இருக்கு, மாட்டினா ஓடும்" என்பார்கள். அந்தப் பேச்சுக்கு விலை கொடுக்கக் கூடாது. வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதற்குத்தான் விலை.

எல்.என்.106 மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. 1988இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஹைலக்ஸின் டீசல் வகை அது. 2,779 சிசி 3எல் எஞ்சின். டர்போ இல்லை, பம்ப்பை ஆட்டிவைக்கும் கணினிப் பெட்டியும் இல்லை. முன்னால் பின்னால் இரண்டு பக்கமும் முழு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். லாசாவுக்கு அப்பால் போஸ் பியா, போஸ் பெர்வோர் என்ற ஓராங் அஸ்லி ஊர்கள் பக்கம் ஏறும் மண்பாதைக்கு வேகம் எதற்கு? லோ ரேஞ்சில் நிதானமாக ஏறினால் போதும், அதை இந்த வண்டி நன்றாகவே செய்யும். உடைந்தால் சாதாரண பட்டறை ஃபோர்மனே பிரித்துப் பார்க்கலாம், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொட்டோங் கடையில் மாற்றுச் சாமானும் தேடலாம்.

வண்டியைப் பார்க்கும் முன் அதன் உரிமைப் பத்திரமான கெரானைப் பாருங்கள். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருப்பவையும் ஒன்றாக இருக்க வேண்டும். சேசிஸ் எண் வலப்பக்க முன் சக்கரத்துக்கு அருகே சட்டத்தில் அடிக்கப்பட்டிருக்கும். சேற்றைக் கழுவிவிட்டு வயர் பிரஷால் மெல்லத் தேய்த்துப் படியுங்கள். கிரைண்டர் வேண்டாம். அந்த இடத்தில் துரு தின்றிருந்தாலோ வெல்டிங் தழும்பு இருந்தாலோ பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை மையம் நிறுத்திவிடும். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் புது எண் ஏறிய கெரானும் கையில் இருக்க வேண்டும். "பிறகு செய்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், அவரே செய்து முடித்துத் தரட்டும்.

அடுத்தது ஆக்சில். கைவிட்ட வண்டிகளில் பணம் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். முன், பின் டிஃப் (டிஃபரென்ஷியல்) இரண்டுக்கும் ஒரே கியர் விகிதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கோ கிடைத்த பின் ஆக்சிலை மாட்டிவிட்டு, முன்னதை மாற்றாமல் விட்ட வண்டிகள் உண்டு. சோதிப்பது சுலபம். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை விடுவித்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்குங்கள். புரோப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் அந்த 20 சுற்று 10க்குத்தான் சமம். ஷாஃப்ட் 41 சுற்று வந்தால் 4.1 விகிதம், நாற்பத்தைந்தரை வந்தால் 4.55. முன்பக்கமும் ஃப்ரீவீல் ஹப்பைப் பூட்டி இதையே செய்யுங்கள். இரண்டு எண்களும் வேறுபட்டால், நான்கு சக்கர இழுவையைப் போட்ட உடனே, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகும், பிறகு எது பலவீனமோ அது உடையும். தூக்கிய சக்கரம் தனியாகச் சுற்றவே மறுத்தால் டிஃப் வெல்ட் செய்யப்பட்டிருக்கலாம், அல்லது இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இருக்கலாம். வெல்ட் செய்த டிஃப் சேற்றில் இழுக்கும். தார்ச்சாலை வளைவில் டயரைத் தின்னும், மழையில் வாலை வீசும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அது ஆகாது.

முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் உருண்டையான நக்கிளைத் தொட்டுப் பாருங்கள். கெட்டிக் கிரீஸ் இலேசாகப் பூசியிருந்தால் நல்லது. கருஞ்சாம்பல் நிறத்தில் தண்ணீராக வழிந்தால் உள் ஆக்சில் சீல் போயிற்று. டிஃப்பின் கியர் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. அதை அப்படியே ஓட்டினால், திரும்பிய முன் சக்கரத்தையும் சுழற்றும் பேர்ஃபீல்ட் ஜாயிண்ட் தேயும். பெரிய டயரோடு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்து மிதித்தால் வெடித்தே போகும். இரண்டு பக்கமும் சீல், நக்கிள் பேரிங், ஷிம், மாலிப்டினம் கலந்த கிரீஸ் என்று பிரித்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு பக்கம் மட்டும் செய்து விட்டால் மறுபக்கம் காத்திருக்காது.

டிஃப் ஆயில் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திச் சில துளி எடுங்கள். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சூடான டிஃப் ஆற்றில் இறங்கியதும் உள்காற்று சுருங்கி, அடைபட்ட பிரீதர் (காற்றுத் துளை) வழியே காற்று வர முடியாமல் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் குழாயை எஞ்சின் அறையின் பின்சுவர் உயரத்துக்கு நீட்டினாலே இது நிற்கும். வண்டியைக் கட்டியவர் விவரம் தெரிந்தவரா என்று அறிய இந்தக் குழாய் ஒன்றே போதும்.

வண்டியை உயர்த்திய லிஃப்ட் இரண்டு அங்குலம் என்றால் பரவாயில்லை. நான்கைத் தாண்டினால், முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும் எல்.என்.106இன் ஸ்டீயரிங் கம்பியான டிராக் லிங்க் மிகவும் சாய்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். பிரேக் ஹோஸ் நீட்டப்பட்டிருக்கிறதா, புரோப்பல்லர் ஷாஃப்ட் கோணம் சரியா என்றும் பாருங்கள். பலர் மறப்பது பின் ஆக்சிலோடு இணைந்த பிரேக் வால்வு. அது சுமையைப் பின்பக்கத்தின் உயரத்தை வைத்தே அறிகிறது. வண்டியைத் தூக்கியதும் சுமையே இல்லை என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வால்வின் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டை லிஃப்ட்டுக்கு ஏற்றபடி மாற்றாத வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்கவே கூடாது.

33 அங்குல டயர் பார்க்க அழகு. பழைய 205ஆர்16 டயரோடு ஒப்பிட்டால் உயரம் 13 விழுக்காடு கூடுகிறது, 4.1 டிஃப் 3.6 போல நடந்துகொள்ளும், டர்போ இல்லாத 3எல் மேட்டில் திணறும். டிஃப் விகிதத்தையும் மாற்றக் காசில்லை என்றால் 31 போதும். செம்பனைத் தோட்டப் பாதைக்கு அது தாராளம்.

எஞ்சின் இன்னும் 3எல்லாகவே இருந்தால் நிம்மதி. குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. டைமிங் பெல்ட் வயது தெரியாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள். 1கேஇசட்-டிஇ போன்ற டர்போ எஞ்சினை மவுண்டில் உட்காரவைத்து அப்படியே நின்ற வண்டிகளிடம் கவனமாக இருங்கள். அதன் பம்ப் மின்னணுவில் ஓடுவது. வயரிங் ஹார்னஸ் முழுசாக, கணினிப் பெட்டியோடு இல்லாவிட்டால் அந்த எஞ்சின் வெறும் இரும்புச் சுமை. எஞ்சின் மாற்றும் வேலைகள் நிற்பது இந்த இடத்தில்தான்.

துருவுக்குச் சுத்தியல் எடுத்துப் போங்கள். பின் ஸ்பிரிங் ஹேங்கர், ஆக்சிலுக்கு மேலே வளையும் சட்டம், கேபின் மவுண்ட் மூன்றையும் தட்டுங்கள். கணீரென்றால் சரி, மொத்தென்றால் உள்ளே சேறும் துருவும். தோட்டத்தில் உரம் ஏற்றிய வண்டியா என்று கட்டாயம் கேளுங்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை உப்புத் தண்ணீர் போலவே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், சட்டம் உள்ளிருந்து போயிருக்கும்.

விலை பேசும்போது அதே வட்டாரத்தில் ஓடுகிற எல்.என்.106 என்ன விலை என்று விசாரித்து வையுங்கள். கெரான் சுத்தமாக, சட்டம் திடமாக, இரண்டு ஆக்சிலும் ஜோடியாக இருந்தால் அதில் பாதி வரை கொடுக்கலாம். இம்மூன்றில் எது குறைந்தாலும் உதிரிச் சாமான் விலைதான். வின்ச், பம்பர், விளக்கு எதற்கும் தனிக் காசு வேண்டாம். போல்ட்டுகள் பெயர் எழுதிய டின்களில் பிரித்து வைக்கப்பட்டிருந்தால் மட்டும் சற்றுக் கூடக் கொடுக்கலாம். பிரித்தவர் திரும்ப மாட்டும் எண்ணத்தோடுதான் பிரித்திருக்கிறார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பேட்டரியை மாட்டாதீர்கள், டேங்கைக் கழற்றுங்கள். இங்கே விற்கும் பி10 டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வந்த எஸ்டர். நீண்ட நாள் நின்றால் ஈரத்தை இழுத்து, டேங்க் அடியில் கருங்கூழ் வளரும். அதோடு ஸ்டார்ட் செய்தால் ஃபில்டர் அடைபடும், தண்ணீர் இஞ்செக்‌ஷன் பம்ப் வரை போகும். டேங்கைக் கழுவி, குழாய்களை ஊதி, புது ஃபில்டர் போட்டு, ஒரு கேனில் புது டீசல் வைத்து அதிலிருந்தே முதல்முறை ஓடவிடுங்கள்.