தளத்துக்கு மிக்சர் மிஷினா, ரெடிமிக்ஸ் லாரியா? ராமநாதபுரம் கடலோரத்துக்கு ஒரு கணக்கு

ஆயிரம் சதுர அடிக் கூரைத் தளத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் பிடிக்கும்? தேவிபட்டினத்திலோ கீழக்கரையிலோ வீடு கட்டத் தொடங்குபவர் கொத்தனாரிடம் முதலில் கேட்பது இதைத்தான். கொத்தனாரும் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்; அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கும் வீட்டுக்கு அந்த எண் மட்டும் போதாது. மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றினார்கள், கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் நிற்கிறது என்ற இரண்டும்தான் அந்தத் தளத்தின் ஆயுள். வாசலிலேயே மிஷினில் கலப்பதா, ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸா என்ற போட்டியையும் இந்த இரண்டையும் வைத்தே தீர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அளவு. 1,000 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் 417 கன அடி. ஒரு கனமீட்டர் 35.3 கன அடி என்பதால் அது 11.8 கனமீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற வழக்கமான கலவையில், நனைந்து இறுகும்போது கன அளவு குறைவதற்காக உலர்ந்த பொருளை 1.54 மடங்கு எடுப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு கனமீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட், 15 கன அடி எம்-சாண்ட் (பாறையை உடைத்த செயற்கை மணல்), 30 கன அடி முக்கால் ஜல்லி. தளம் முழுவதற்கும் 95 மூட்டை, ஒன்றே முக்கால் யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) எம்-சாண்ட், மூன்றரை யூனிட் ஜல்லி. சேதாரத்துக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்துக்கொள்ளலாம். தளத்துக்குக் கீழே இறங்கும் பீம், சன்ஷேட், லாஃப்ட் எல்லாம் தனிக் கணக்கு.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது சென்ட்ரிங் மட்டம், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகையின் மட்டம். பலகை சராசரியாக அரை அங்குலம் தாழ்ந்தால் 42 கன அடி கூடும். அதாவது ஒன்பதரை மூட்டை. மிஷின் வேலையில் இது பெரிய சிக்கல் இல்லை, பக்கத்து அறையில் இருக்கும் மூட்டையைப் பிரித்தால் போதும். ரெடிமிக்ஸில் கடைசி மூலையில் கால் லாரி குறைந்தால், இன்னொரு லாரி வரும்வரை போட்ட கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கும். பழையதும் புதியதும் சேரும் அந்தக் கோட்டில்தான் பின்னால் ஒழுகும். ஆகவே ரெடிமிக்ஸுக்குச் சொல்லும் முன், கம்பி கட்டி முடித்த தளத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் கனத்தை அளந்து சராசரி எடுங்கள். வரைபடத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

இனி தண்ணீர். நம் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 456:2000 கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்ற வகையில் வைக்கிறது. அங்கே கம்பியிட்ட கான்கிரீட் குறைந்தது எம்30 தரம் (எண் கூடினால் வலு கூடும்), கனமீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேற்படாத தண்ணீர். அலைத்துளி நேராகத் தெறிக்கும் இடம் என்றால் எம்35, 340 கிலோ. இப்போது மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: எட்டு மூட்டை என்பது 400 கிலோ. விதி கேட்பதைவிடச் சிமெண்ட் கூடுதலாகவே விழுகிறது. அப்படியிருந்தும் கடலோர வீடுகளில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியும் உள்கூரைகளைப் பார்க்கிறோம் என்றால், தண்ணீரில்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 0.45 என்றால் மூட்டைக்கு 22.5 லிட்டர். எம்-சாண்டில் நூற்றுக்கு ஐந்து ஈரம் இருந்தால் மூட்டைக்கு நாலு லிட்டர் அதிலேயே வந்துவிடும். ஊற்ற வேண்டியது பதினெட்டரை லிட்டர்தான். அந்த அளவில் கலவை கெட்டியாக நிற்கும். அதிர்வால் கலவையை இறக்கும் வைப்ரேட்டரும், குழைவு தரும் பிளாஸ்டிசைசர் திரவமும் இல்லாமல் கம்பிக்கு இடையில் இறங்காது. சட்டி தூக்குபவர்களுக்குச் சிரமம். அதனால் வாளிக் கணக்கு மறந்து, 'இளக்கமாக வரட்டும்' என்று ஊற்றுவார்கள். கூடுதலான தண்ணீர் பிறகு ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும். உப்பு அந்த வழியாகக் கம்பியை எட்டும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

எந்தத் தண்ணீர் என்பதும் இதே அளவு முக்கியம். கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. பரிசோதனைக்குக் கொடுக்காமல் அதை மிஷினில் ஊற்றுவது வீட்டுக்கு உள்ளேயே கடலைக் கொண்டுவருவதற்குச் சமம். கடல் மணலும் அப்படித்தான், பூச்சுக்குக்கூட வேண்டாம். 95 மூட்டைக்குக் கலவைத் தண்ணீர் சுமார் 2,140 லிட்டர். போட்ட தளத்தை நனைத்து வைக்க, மேலே ஓர் அங்குலம் பாத்தி கட்டி நிரப்பினாலே 2,360 லிட்டர். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது நின்ற சுவடு தெரியாமல் வற்றும், மறுபடி நிரப்ப வேண்டும். நான் பார்க்கும் மதிப்பீட்டுத் தாள்களில் தண்ணீருக்கு என்று ஒரு வரியே இருப்பதில்லை. நல்ல தண்ணீர் டேங்கர் விலையை அதில் எழுதுங்கள். லாரி கான்கிரீட் வாங்கினாலும் நனைக்கும் தண்ணீர் உங்கள் பொறுப்பே.

விலைக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு சிமெண்ட் மூட்டை 400 ரூபாய், எம்-சாண்ட் யூனிட் 6,000, ஜல்லி யூனிட் 4,500 என்று வைத்தால் பொருள் 64,250. சேதாரத்துடன் 67,500 ரூபாய். மிஷின், வைப்ரேட்டர், ஆள் கூலிக்கு 25,000 என்றால் 92,500. ரெடிமிக்ஸ் எம்30 கனமீட்டர் 6,500 என்று வைத்து, சேதாரத்துடன் 12.5 கனமீட்டர் வாங்கினால் 81,250; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 95,875. பம்புக்கும் பரப்புகிற ஆட்களுக்கும் 20,000 சேர்த்தால் 1,15,875. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மிஷின் கலவை 23,000 ரூபாய் மலிவு என்று இதைப் படிப்பதுதான் பெரும் பிழை. முதலாவது, 1:1.5:3 விகிதத்தில் வரும் எம்20 கலவை; இரண்டாவது எம்30. பெட்டியில் அளந்து போடும் விகிதக் கலவையை விதிநூல் எம்20-க்கு மேல் ஏற்பதில்லை. அதே தரத்தை வீட்டு வாசலில் எட்ட, ஆய்வகத்தில் வடிவமைத்த விகிதம், எடை போடும் மிஷின், பிளாஸ்டிசைசர் எல்லாம் வேண்டும். அவற்றையும் சேர்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும்.

ஆகவே தளத்துக்கு என் ஓட்டு ரெடிமிக்ஸுக்கே. லாரி நேரத்துக்கு வந்து சேரும் என்றால் மட்டும். சரக்கு ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்ட வேண்டும் என்பது பொது விதி. இறுகுவதைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்தால்தான் தளர்வு. பாம்பன் பாலம் தாண்டி ராமேசுவரம் தீவுக்குள் வர வேண்டிய லாரி என்றால் ஆடி, தை அமாவாசை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கீழக்கரையின் ஒடுங்கிய தெருக்களிலும் கடற்கரைக் குடியிருப்புகளின் மணல் பாதைகளிலும் லாரி எதுவரை வரும், குழாய் எத்தனை அடி வேண்டும் என்பதை முந்தின நாளே ஆளை வரவழைத்துக் காட்டுங்கள். லாரி வந்ததும் சீட்டில் தரம், ஏற்றிய நேரம், நீர் விகிதம் மூன்றையும் படியுங்கள். பம்ப் ஆள் டிரம்மில் குழாயைச் சொருகித் தண்ணீர் விடப் பார்த்தால் தடுத்தே ஆக வேண்டும். கூடுதலாகக் கொடுத்த பணம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும்.

சிமெண்ட் வகையில் எனக்குத் தயக்கமே இல்லை. சாம்பல் கலந்த பி.பி.சி. அல்லது கசடு கலந்த பி.எஸ்.சி., உப்பு ஊடுருவலைத் தடுப்பதில் சாதாரண 53 கிரேடு சிமெண்டை விஞ்சும். சென்ட்ரிங் பிரிக்கச் சற்றுப் பொறுக்க வேண்டும். குறைந்தது 10 நாள், வறண்ட வெயிலில் 14 நாள் நனைக்க வேண்டும்.

கம்பி மறைப்பு இரண்டு வழிக்கும் பொது. கடலோரத்தில் விதி கேட்பது 45 மி.மீ.; உப்புக் காற்று நேராகப் படாத உட்பகுதிக்கு 30. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்த நம் பக்கத்தில் வைக்கும் கவர் பிளாக் பெரும்பாலும் 20. ஐந்து அங்குலத் தளம் 127 மி.மீ. தான், அதில் இந்த மறைப்பைக் கொடுத்தால் கம்பிக்கு வேலை செய்ய இடம் போதாமல், பொறியாளர் ஆறு அங்குலம் கேட்கலாம். அப்போது 14.2 கனமீட்டர், 19 மூட்டை அதிகம். இந்தச் செலவைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். மண்டபம் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பதைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கேயே வைத்துச் சோதித்திருக்கிறது. அதே காற்றுதான் நம் மொட்டை மாடியிலும் வீசுகிறது.

தூணுக்கு மட்டும் மிஷினே சரி. 9 அங்குலச் சதுரம், 10 அடி உயரம், ஒன்பது தூண் என்றால் 51 கன அடிதான். பதினொன்றரை மூட்டை, அதற்கு லாரி கட்டாது. ஆனால் 229 மி.மீ. தூணில் இருபுறமும் 45 விட்டால் கம்பிக்கூடு 139-ஆகச் சுருங்கும். தூண் அளவைப் பொறியாளரிடம் மறுபடி கேட்டுவிட்டு, ஆய்வகம் வடிவமைத்த விகிதத்தில் எடை போட்டு, அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள்; ஒரு நாள் வேலைதான், கூடவே நில்லுங்கள்.